பட்டினியை எண்ணிய பேராசிரியர்

சென்ற மாதம் திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் தோழர்களோடு ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க நேர்ந்தது. கூட்டம் என்று சொல்வதற்கில்லை. மேடையும் கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. டீக்கடையை ஒட்டிய திண்ணையில் இருபது பேர் இருந்திருப்பார்கள். விடியற்காலை ரயிலைப் பிடித்து அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள், தறிக்கூடத்தில் நாளெல்லாம் நிற்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டொரு மாணவர்கள்.

அவர்களில் ஒரு தோழர் நம் முன் ஒரு வழக்கை வைத்தார். அவர் வீட்டுக்கு ஒரு கணக்கெடுப்பாளர் வந்தாராம். போன மாதம் ரேஷன் அரிசி எவ்வளவு, கடை அரிசி எவ்வளவு, எண்ணெய்க்கு என்ன செலவு, வேலை கிடைத்த நாட்கள் எத்தனை, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கொடுத்தார்கள், அதற்குக் கடன் வாங்கினார்களா என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் குடைந்து எடுத்துவிட்டாராம். ஊரிலே மாடி வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்க, கூலிக்காரன் வீடுதானா இவருக்கு அகப்பட்டது என்பது தோழரின் முதல் கேள்வி. இதையெல்லாம் சொல்வதால் நமக்கு என்ன ஆகப்போகிறது என்பது இரண்டாவது கேள்வி. ரேஷன் அட்டையில் கை வைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் பாதிக் கணக்கை மாற்றிச் சொல்லி அனுப்பிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கணக்கெடுப்பாளரை அவர் வீட்டு வாசலுக்கு அனுப்பியவர் யார் என்று அன்று சொல்லத் தொடங்கினோம். அதற்குள் கடைசி பஸ் வந்துவிட்டது. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறோம். அனுப்பியவர் 1972-ஆம் ஆண்டிலேயே மறைந்துபோன ஒரு வங்காளப் பேராசிரியர். பெயர் பிரசந்த சந்திர மகலனோபிஸ்.

கணக்கு என்றால் ஏட்டிலே உறங்கும் எண் என்று நினைக்கிற தோழர்கள் தங்கள் ஊர்க் கதையையே ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும். 1960 ஏப்ரல் 1 வரையில் திருத்தணி வட்டம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. வடக்கெல்லைக் கிளர்ச்சியில் மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் அவர்களோடு நின்ற பல்லாயிரவரும் பட்ட பாட்டை நாம் அறிவோம். அந்தக் கிளர்ச்சி இல்லையேல் எல்லைப் பேச்சே எழுந்திராது. ஆனால் படாஸ்கர் எல்லையை வகுக்க உட்கார்ந்தபோது அவர் மேசைமேல் இருந்தவை மக்கள் கணக்கெடுப்பு ஏடுகள். கிராமத்தை அலகாக வைத்துக்கொண்டு, எந்த ஊரில் எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்த்துக் கோடு கிழித்தார்கள். 1951-இல் வாசலுக்கு வந்த கணக்கனிடம் தன் தாய்மொழி தமிழ் என்று ஒரு கிழவி சொன்ன சொல், பின்னாளில் ஓர் ஊரையே இந்தப் பக்கம் இழுத்து வந்தது அன்றோ!

இன்னொரு செய்தியும் உண்டு. திருத்தணியிலே 1888-இல் பிறந்த ராதாகிருஷ்ணன் 1921-இல் கல்கத்தா சர்வகலாசாலைக்குத் தத்துவப் பேராசிரியராகப் போனார். அந்தக் கல்கத்தாவிலே, அதே ஆண்டுகளில், ராஜதானிக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தவர்தான் நம் மகலனோபிஸ். திருத்தணி ஒரு தத்துவப் பேராசிரியரை அங்கே அனுப்பியது; நாம் அங்கிருந்து ஒரு கணக்குப் பேராசிரியரைத் திருத்தணிக்கு அழைத்து வருகிறோம்.

மகலனோபிஸ் 1893 ஜூன் 29-இல் கல்கத்தாவில் பிறந்தவர். பாட்டனார் குருசரண் இன்றைய வங்காள தேசத்தைச் சேர்ந்த விக்கிரம்பூரிலிருந்து பிழைப்புத் தேடிக் கல்கத்தா வந்து மருந்துக் கடை வைத்தவர். உருவ வழிபாட்டையும் சாதிக் கட்டையும் மறுத்த பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தவர்; ஊர் தூற்றுவதைப் பொருட்படுத்தாமல் ஒரு விதவையை மணந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்பதை நம் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை பௌதிகத்தில் பட்டம் பெற்று 1913-இல் இங்கிலாந்து சென்றார். லண்டனில் படிக்க எண்ணிப் போனவர், கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் கடைசி ரயிலைத் தவறவிட்டார். அன்றிரவு அங்கே தங்கினார். மறுநாள் அங்கேயே சேர்ந்துவிட்டார். கடைசி பஸ்ஸை நம்பி வாழும் கண்டிகைத் தோழர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறோம்.

கேம்பிரிட்ஜில் அவருக்கு ஒரு தமிழ் நண்பர் கிடைத்தார். கும்பகோணத்து ராமானுஜன்தான். குளிர் தாங்காமல் மேலங்கியோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கிறார் ராமானுஜன், தூக்கம் இல்லை. மகலனோபிஸ் அறைக்குள் போய்ப் பார்த்தால், கம்பளிகள் கட்டிலோடு இறுக்கி மடிக்கப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றுக்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது, மேலேயே படுத்திருக்கிறார்! கம்பளியை விரித்துக் காட்டி, படுக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தவர் மகலனோபிஸ். பிறிதொரு நாள் பத்திரிகையில் வந்த ஒரு வீட்டு எண் புதிரை மகலனோபிஸ் படித்துச் சொல்ல, அடுப்பிலே காய்கறியைக் கிளறிக்கொண்டே அந்த ஒரு புதிருக்கு மட்டுமன்றி அந்த வகைப் புதிர் அனைத்துக்கும் சேர்த்து விடை சொன்னார் ராமானுஜன். இந்தச் செய்திகளை நமக்கு விட்டுச் சென்றவர் மகலனோபிஸே. சின்னஞ்சிறு விவரத்தையும் கண்ணால் கண்டு குறித்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அப்போதே இருந்தது.

1915-இல் ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில் முதல் உலகப் போரினால் கப்பல் தாமதமாயிற்று. அந்த இடைவேளையில் கல்லூரி நூலகத்தில் அவருடைய ஆசிரியர் ஒருவர் ஒரு பத்திரிகைத் தொகுதியைக் காட்டினார். பயோமெட்ரிகா என்று பெயர். உயிர்களின் அளவுகளைக் கணக்கிட்டு உண்மை காணும் கலையைப் பற்றியது. தொகுதி முழுவதையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார். பௌதிக ஆசிரியராகக் கல்லூரியில் சேர்ந்தாலும் மனம் புள்ளியியலில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரில் இந்தியாவில் அப்போது பாடமும் இல்லை, பள்ளியும் இல்லை.

முதலில் கிடைத்த வேலை மனித உடலின் அளவுகள். 1920-இல் விலங்கியல் துறைத் தலைவர் அன்னண்டேல், கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியர்களை அளந்து வைத்திருந்த குறிப்புகளைக் கொடுத்தார். அதிலிருந்து சாதிகளின் அளவுகளுக்கு வந்தார் மகலனோபிஸ். இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். ரிஸ்லி என்ற வெள்ளைக்கார அதிகாரி, 1901 மக்கள் கணக்கெடுப்பின் ஆணையர், மூக்கின் அகலத்தை அளந்தே சாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லிவிடலாம் என்று எழுதி வைத்தவர். மூக்கு கூராக இருந்தால் மேல் சாதி, அகலமாக இருந்தால் கீழ்ச் சாதி! அந்த ரிஸ்லி அளந்து வைத்த எண்களையே எடுத்து மகலனோபிஸ் முறையாகக் கணக்கிட்டார். வங்காளத்துப் பார்ப்பனர் வடநாட்டின் பிற பகுதிப் பார்ப்பனரைக் காட்டிலும் வங்காளத்தின் மற்றச் சாதியாருக்கே உடல் அளவில் நெருங்கியவர்கள் என்ற முடிவு வந்தது. அதாவது அளவுகோல் காட்டிய உறவு ஊர் உறவு. சாஸ்திரம் சொன்ன உறவு அதிலே தெரியவில்லை. 1927-இல் வெளியான ஆராய்ச்சி இது. கூட்டங்களுக்கிடையே உள்ள தூரத்தை அளக்க அவர் 1936-இல் முழு உருக் கொடுத்த சூத்திரத்தை உலகம் இன்றும் மகலனோபிஸ் தூரம் என்றே அழைக்கிறது. நோயறிதல் முதல் கணினி வரை அது பயன்படுகிறது.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1926-இல் ஒரிசாவில் பிராமணி நதி பெருகி ஊர்களை அழித்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரையை உயர்த்த வேண்டும் என்றார்கள் இன்ஜினீயர்கள். மகலனோபிஸ் சுமார் அறுபது ஆண்டு மழைக் கணக்கையும் நீர்மட்டக் கணக்கையும் எடுத்துப் பார்த்தார். படுகை உயரவே இல்லை. மேல் பகுதியில் பெய்த பெருமழைதான் காரணம் என்று காட்டினார். கரைக்கு மண் கொட்டுவதை விட்டு மேலே அணை கட்டுங்கள் என்பது அவர் தந்த ஆலோசனை. ஹிராகுட் அணைக்கு வித்திட்ட யோசனைகளில் அதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது.

ராஜதானிக் கல்லூரியில் அவருடைய அறையின் ஒரு மூலையே ஆராய்ச்சிச்சாலை. 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகம் தோன்றியது. முதல் ஆண்டின் மொத்தச் செலவு 238 ரூபாய்! பின்னர் கல்கத்தாவை அடுத்த பாராநகரில் அது ஆலமரமாய் வளர்ந்தது. ஆர்.சி.போஸ், எஸ்.என்.ராய், சி.ஆர்.ராவ் போன்ற மேதைகள் அதன் நிழலில் உருவானவர்கள்.

இனித் தோழரின் முதல் கேள்விக்கு வருவோம். ஊரில் எத்தனையோ வீடிருக்க என் வீடு எதற்கு?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெண்கள் அறிந்த உண்மைதான் மாதிரி ஆய்வின் அடிப்படை. ஆனால் சமுதாயம் கிளறிவிட்ட பானை அன்று. மேலே வெந்து குழைந்தும் அடியிலே அரிசியாகவும் கிடக்கிற பானை. அகப்பையை மேலாக விட்டு ஒரு பருக்கையை எடுத்தால், ஊரே குழைந்துவிட்டது என்று தோன்றும். சர்க்கார் அதிகாரி ஊருக்குள் வந்தால் எங்கே போவார்? முன்சீப் வீட்டுத் திண்ணைக்கும் கர்ணம் வீட்டு நாற்காலிக்கும்தானே? அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு போனால் அதுவே அந்த ஊரின் கணக்கு. இதை உடைத்தவர் மகலனோபிஸ். எந்த வீட்டுக்குப் போவது என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விடக் கூடாது. ஊரின் எல்லா வீடுகளையும் பட்டியல் போட்டு, குலுக்கல் முறையில் எந்த எண் விழுகிறதோ அந்த வீட்டுக்கே போக வேண்டும். மாடி வீட்டின் எண் விழுந்தால் மாடி வீடு. கூலிக்காரன் குடிசையின் எண் விழுந்தால் குடிசை. கண்டிகைத் தோழர் வீட்டுக் கதவைத் தட்டியது அந்தக் குலுக்கல். முன்சீப் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் சம உரிமை கிடைத்த இடம் அந்தப் பட்டியல் ஒன்றுதான் என்று கூடச் சொல்லலாம்.

இந்த முறையை அவர் பழகியது வங்காளத்துச் சணல் வயல்களில். 1937 முதல் ஆண்டுதோறும் சணல் விளைச்சலை மதிப்பிட்டார். மாகாணம் முழுவதும் ஒவ்வொரு வயலாக எண்ணும் சர்க்கார் முறைக்கு ஆள் படையும் பணமும் மலை மலையாக வேண்டியிருந்தது. மாதிரி முறைக்கு அதில் ஒரு சிறு பங்கே போதுமானதாயிற்று. விளைச்சலை அறிய வயலின் ஒரு சிறு வட்டத்தை மட்டும் அறுத்து எடைபோடுவார்கள். அதிலும் ஒரு தவறு ஒளிந்திருப்பதைக் கண்டார்: வட்டம் மிகச் சிறியதாக இருந்தால், விளிம்பில் நிற்கும் செடியை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்ற இடத்தில் அறுப்பவன் கை தானாக உள்ளே சேர்த்துவிடுகிறது, விளைச்சல் அதிகமாகத் தெரிகிறது.

கணக்கெடுப்பவனே பொய் எழுதினால்? வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பிவிட்டால்? அதற்கும் வழி வைத்தார். ஒரே பகுதிக்கு ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு குழுக்களை அனுப்புவது. இரண்டு குழுவும் தனித்தனி மாதிரி எடுப்பது. முடிவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒத்துப்போனால் நம்பலாம்; பெரிதாக வேறுபட்டால் எங்கோ பிழை. ஒரே மூட்டையை இரண்டு தராசில் போட்டுப் பார்க்கும் வியாபாரியின் தந்திரம்தான். தம்முடைய ஆட்களையே சந்தேகிக்கும் ஏற்பாட்டைத் தாமே செய்து வைத்த தலைவர்களை நாம் அதிகம் கண்டதில்லை.

இந்த முறை முழுக்க உரைத்துப் பார்க்கப்பட்டது 1943-க்குப் பிறகு. வங்காளப் பஞ்சம்! பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது, அங்கிருந்து வந்த அரிசி நின்றது, எதிரி கைக்குப் போகக்கூடாது என்று கடலோரப் படகுகளைப் பறித்தார்கள், யுத்தச் செலவினால் விலை ஏறியது, பதுக்கல்காரன் கொழுத்தான். கிராமத்து ஏழை கல்கத்தா வீதியில் கஞ்சித் தண்ணீருக்குக் கையேந்தி மடிந்தான். சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன் 1945-இல் இறந்தவர் தொகை சுமார் 15 லட்சம் என்றது. பின்னாளைய ஆராய்ச்சியாளர் பலர் 30 லட்சத்தை ஒட்டி மதிப்பிடுகிறார்கள். தொகையிலேயே இத்தனை வேறுபாடு என்றால், செத்தவன் யார், எந்தத் தொழில் செய்தவன், மிஞ்சிய குடும்பம் என்ன ஆயிற்று என்று யார் கேட்டார்கள்?

மகலனோபிஸின் கழகம் கேட்டது. 1944-45-இல் 386 கிராமங்களில் 15,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் வாசலில் உட்கார்ந்து கேட்டார்கள். பஞ்சத்துக்கு முன் என்ன நிலம் இருந்தது, இப்போது எவ்வளவு, யாருக்கு விற்றது, என்ன தொழில் செய்தது, யார் யார் இறந்தது. விடை 1946-இல் அச்சில் வந்தது. பஞ்ச ஆண்டில் சுமார் 16 லட்சம் குடும்பங்கள், அதாவது நெல் நிலம் வைத்திருந்தவர்களில் நாலில் ஒரு பங்கினர், நிலத்தை விற்றார்கள் அல்லது அடகு வைத்தார்கள். அவர்களில் 2,60,000 குடும்பங்கள் இருந்த நிலம் முழுவதையும் இழந்து கூலிகளாயின. ஏற்கெனவே நிலமற்றிருந்த விவசாயக் கூலி, மீனவர், வண்டி ஓட்டுபவர், நெல் குத்தும் பெண், கைத்தொழிலாளி ஆகியோரே அதிகமாக வீழ்ந்தவர்கள். வாரத்துக்குப் பயிரிட்டவன் கூலிக்காரனைவிடச் சற்றுத் தப்பினான். ஏனெனில் அவனுக்குப் பங்கு நெல்லாகக் கிடைத்தது. காசாகக் கூலி வாங்கியவனுக்கு அந்தக் காசு அரிசி வாங்கப் போதவில்லை. மீன் பிடித்தவனுக்கு மீன் வாங்க ஆளில்லை.

இதன் பொருளைத் தோழர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். நாட்டில் உணவு குறைந்தால் எல்லோருக்கும் ஒரு பிடி குறையும் என்று பாடம் சொல்வார்கள். நடந்தது அப்படி அன்று. சிலருக்கு ஒரு பிடியும் குறையவில்லை. சிலருக்கு ஒரு பிடியும் இல்லை. அமர்த்தியா சென் 1981-இல் பஞ்சங்களைப் பற்றி எழுதிய நூலில் உணவுக் குறைவு என்ற வாதத்தை மறுத்து, வாங்கும் வக்கு யாருக்கு அற்றுப்போனது என்று கேட்டபோது, வங்காளத்துக்கு அவர் எடுத்தாண்ட சான்றுகளில் இந்த ஆய்வும் முக்கியமானது. செத்தவர்களுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. ஆனால் அவர்கள் விதியால் செத்தார்கள் என்று இனி ஒருவன் கூசாமல் சொல்ல முடியாது.

சுதந்திரத்துக்குப் பின் நேரு அவரை மந்திரிசபையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகர் ஆக்கினார். 1950 அக்டோபரில் தேசிய மாதிரி ஆய்வின் முதல் சுற்று தொடங்கியது. நாட்டிலுள்ள ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்களிலிருந்து 1,833 கிராமங்கள் எடுக்கப்பட்டன. சாலை இல்லாத ஊர், காட்டுக்குள் ஊர். ஊருக்கு ஊர் அளவு வேறு. நம் பக்கத்திலேயே ஓர் ஊர் மரக்காலும் அடுத்த ஊர் மரக்காலும் ஒன்றாக இருந்ததுண்டா? காணியும் குழியும் ஒன்றாக இருந்ததுண்டா? அத்தனையையும் ஒரே அளவுக்கு மாற்றி எழுத வேண்டும். ஒரு வாரச் செலவைக் கேட்பதா, ஒரு மாதச் செலவைக் கேட்பதா என்பதற்குக்கூடத் தனி ஆராய்ச்சி செய்தார்கள். வாரக் கணக்கைக் கேட்டால் மனிதன் முந்தைய வாரத்தில் வாங்கியதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறான் என்று கண்டு, மாதக் கணக்கை வைத்தார்கள். தோழரிடம் போன மாதம் எத்தனை கிலோ என்று கேட்டதன் பின்னால் இத்தனை சங்கதி இருக்கிறது.

நோயின் கணக்கும் இதிலேதான் தொடங்கியது. 1953-54-இல் நடந்த ஏழாவது சுற்றில் முதன்முறையாக வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டுப் பார்த்தார்கள். அன்றும் பின்னரும் இத்தகைய ஆய்வுகள் ஒரு விசித்திரத்தைக் காட்டி வருகின்றன: வசதியுள்ளவன் வீட்டிலே நோய் அதிகம், ஏழை வீட்டிலே நோய் குறைவு! கேரளத்தில் அதிகம், பீகாரில் குறைவு! ஏழை ஆரோக்கியமாக இருக்கிறான் என்றா பொருள்? ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாது என்கிற மனிதன், இருமலையும் முதுகு வலியையும் நோய் என்று எண்ணுவதே இல்லை. படுத்தால்தான் அவனுக்கு நோய். தறிக்கூடத்துத் தோழர்கள் இதைப் படிக்கும்போது தம் காதுகளைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். எத்தனை பேர் காது மந்தத்தை நோய் என்று சொல்லியிருக்கிறார்கள்? எண்ணை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, அதைச் சொன்னவன் எந்த நிலையில் இருந்து சொன்னான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மகலனோபிஸை நாம் குறையே இல்லாத மனிதராகச் சித்திரிக்க வரவில்லை. கழகத்தில் அவர் வைத்ததே சட்டம்; கடுமையான எசமானர் என்று பெயர் எடுத்தவர். ஆர்.சி.போஸும் எஸ்.என்.ராயும் அமெரிக்கா சென்றுவிட்டார்கள். 1956-இல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் மூளை அவர்தான். முதலில் இரும்பு, எந்திரம், மின்சாரம். எந்திரம் செய்யும் எந்திரத்தை நாமே செய்தாலன்றி அந்நியனை நம்பியே வாழ வேண்டும் என்பது அவர் வாதம். பிலாயும் ரூர்கேலாவும் துர்காபூரும் அந்தக் காலத்து உலைகள். அந்த வாதத்தில் நியாயம் இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் உலையில் வேலை செய்கிறவன் சாப்பிட வேண்டுமே! துணிக்கும் பிற பண்டங்களுக்கும் கைத்தறியையும் குடிசைத் தொழிலையும் நம்பியது அவருடைய திட்டம். நெசவாளருக்கு அதனால் சிறிது மூச்சு கிடைத்தது. உணவில்தான் கணக்குப் பிசகியது. வேளாண்மைக்குப் போதிய பங்கு வைக்கவில்லை. அன்றைக்கே வக்கீலும் பிரம்மானந்தாவும் உழைப்பவனின் உணவுப் பண்டத்துக்கு முதலிடம் கொடுங்கள் என்று எதிர்வாதம் செய்தார்கள். 1956 முதல் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நிற்கும் நிலை வந்தது. பஞ்சத்தை அத்தனை கவனமாக எண்ணியவர் வகுத்த திட்டத்திலே சோற்றுக்கு இடம் குறைந்தது நமக்கு இன்றும் விளங்காத புதிர்.

ஆயினும் அவர் நிறுவிய ஆய்வு அவரை ஆதரித்த சர்க்காரையே சங்கடத்தில் மாட்டியது. 1963 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் லோகியா எழுந்து, இந்திய மக்களில் நூற்றுக்கு அறுபது பேர் நாளொன்றுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள் என்றார். ரூபாய்க்குப் பதினாறணா, மூன்றணா என்றால் இருபது காசுக்கும் குறைவு. பதினைந்தணா என்றார் நேரு. நந்தா கணக்குப் பார்த்து ஏழரை அணா என்றார். பிரதமர் சொன்ன பதினைந்தணாவில் பாதி அங்கேயே போயிற்று! பிர்லாவையும் பிச்சைக்காரனையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது சராசரி. அந்தச் சராசரியை விலக்கி, மக்களைச் செலவு வாரியாகப் படிப்படியாக அடுக்கி, அடிப்படியில் இருப்பவனை மட்டும் தனியாகப் பார்க்கும் முறையை 1960-இல் எழுதி வைத்தவரும் மகலனோபிஸ்தான். திட்டங்களால் பெருகிய செல்வம் யார் வீட்டுக்குப் போயிற்று என்று ஆராய அதே ஆண்டில் அமைத்த கமிட்டிக்கும் அவரே தலைவர். பொருளாதார வலிமை ஒரு சில பெரிய முதலாளிகள் கையில் குவிந்திருக்கிறது என்று 1964-இல் அந்தக் கமிட்டி அறிக்கை கொடுத்தது. தாம் வகுத்த திட்டத்தின் விளைவைத் தாமே அப்படி எழுதிக் கொடுத்தார்.

1970-இல் மாதிரி ஆய்வு கழகத்தின் கையைவிட்டுச் சர்க்கார் இலாகாவாக மாறியது. 1972 ஜூன் 28 அன்று, 79 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், மகலனோபிஸ் மறைந்தார். 2007 முதல் அவர் பிறந்த நாளைப் புள்ளியியல் நாளாகச் சர்க்கார் கொண்டாடுகிறது.

இப்போது தோழரின் இரண்டாவது கேள்வி. சொல்வதால் நமக்கு என்ன ஆகப்போகிறது?

பொய்க் கணக்குச் சொன்னால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்ப்போம். குலுக்கலில் விழுந்த ஒரு வீடு தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கான வீடுகளுக்காகப் பேசுகிறது. நம் தோழர் ஆஸ்பத்திரிக் கடனை மறைத்தபோது, அத்தனை வீடுகளின் கடனும் ஏட்டிலிருந்து மறைந்தது. கூலி கிடைக்காத நாட்களை மாற்றிச் சொன்னபோது, அத்தனை பேரும் வேலை கிடைத்தவர்களாக எழுதப்பட்டார்கள். அந்த ஆய்வில் எழுதப்படும் பெயரை வெளியிடச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் அச்சத்தில் கேலிக்கு எதுவும் இல்லை, யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை.

ஆனால் அவருடைய ஐயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டோம். 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நாடெங்கும் குடும்பச் செலவுக் கணக்கு எடுத்தார்கள். கசிந்து பத்திரிகையில் வந்த பகுதி, கிராமத்து மக்களின் செலவு முன்பிருந்ததைவிடக் குறைந்துவிட்டதாகக் காட்டியது. 2019 நவம்பரில், அந்தக் கணக்கின் தரம் சரியில்லை, வெளியிடுவதற்கில்லை என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில், வேலையின்மை அறிக்கை வெளிவராமல் கிடந்ததைக் கண்டு புள்ளியியல் ஆணையத்தின் இரண்டு உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை நடந்துவந்த மக்கள் கணக்கெடுப்பு 2021-இல் நடக்கவில்லை. 2027-க்குத் தள்ளிப் போடப்பட்டது. செலவுக் கணக்கு 2022-23-இலும் 2023-24-இலும் மறுபடி எடுக்கப்பட்டு வெளியாயிற்று. கேட்கும் முறை மாறிவிட்டதால் பழைய கணக்கோடு அதை நேராக ஒப்பிட்டுப் பார்ப்பதற்கில்லை என்கிறார்கள் அறிந்தவர்கள்.

தரம் சரியில்லை என்றால் மகலனோபிஸ் என்ன செய்திருப்பார்? இரண்டாவது தராசைக் கொண்டு வந்திருப்பார். மத்திய சர்க்கார் எடுக்கும் மாதிரியோடு மாநிலங்களும் தனியே ஒரு மாதிரி எடுக்கும் ஏற்பாடு இன்றும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, வேறுபாட்டையும் சேர்த்து அச்சிட்டு, ஜனங்கள் முன் வைக்க என்ன தடை? வங்காளப் பஞ்சத்தின் கணக்கு வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே அச்சேறியதே!

கண்டிகைத் தோழருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அடுத்த முறை போகும்போது, 2017-18-இல் அந்த ஊர்ப் பக்கம் யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்து அரிசிக் கணக்கு எழுதிக்கொண்டு போனார்களா என்று விசாரிக்க வேண்டும். எழுதிக்கொண்டு போயிருந்தால், அந்த விடை எங்கே என்று கேட்க அந்த வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.